மொட்டை மாடியில் ஓர் ஒளிமேகம்

வானத்தைப் போட்டோ எடுக்கிறோம் என்று நாம் சொன்னால், கேட்பவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். முதல் கட்சியார், "வானத்தில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?" என்கிறார்கள். இரண்டாவது கட்சியார் சற்று விஷயம் தெரிந்தவர்கள். "அதையெல்லாம்தான் ஹப்பிள் எடுத்து முடித்துவிட்டதே! நீங்கள் வேறு எதற்காக எடுக்க வேண்டும்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். முதல் கட்சிக்குப் பதில் சொல்வது சுலபம். இருட்டிய பிறகு மாடிக்கு அழைத்துக்கொண்டு போனால் போதும். இரண்டாவது கட்சியின் கேள்வியோ அவ்விதம் தட்டிக் கழிக்கத் தக்கதல்ல.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் கட்சியில் வலு அதிகம். ஹப்பிள் தொலைநோக்கி பூமிக்கு மேலே, காற்றும் மேகமும் தெருவிளக்கும் இல்லாத வெளியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் ஆடி 2.4 மீட்டர் அகலம். நம் வீட்டு மாடியில் நிற்கும் தொலைநோக்கியின் ஆடி 150 மில்லிமீட்டர். அது ஒரே விநாடியில் சேகரிக்கும் ஒளியை நம்முடையது சேகரிக்க நாலு நிமிஷத்துக்குமேல் ஆகும். 2006-ஆம் வருஷம் வெளியான ஹப்பிளின் ஓரியன் நெபுலாப் படத்தில் 3,000-க்கு மேற்பட்ட நக்ஷத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன. கையில் கைப்பேசி உள்ள எவரும் அதைக் காலணாச் செலவின்றிக் காணலாம். அப்படியிருக்க, பள்ளிக்கூட வாத்தியாராகிய நாம், சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தொலைநோக்கியும் டிஜிட்டல் காமிராவும் வாங்கி, பனியில் தலைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, அதே நெபுலாவை அதைவிட மட்டமாக எடுப்பானேன்?

இந்தக் கேள்வியை நாமே பல இரவுகள் நம்மைக் கேட்டுக்கொண்டதுண்டு. அதற்குக் கிடைத்த விடையைச் சொல்லுமுன், விஷயம் இன்னதென்று நேயர்களுக்குச் சொல்லிவிடுவது முறையாகும்.

தை, மாசி மாதங்களில் முன்னிரவில் தலைக்குமேல் அண்ணாந்து பார்த்தால், அளவெடுத்து வைத்தாற்போல் மூன்று நக்ஷத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். மேனாட்டார் இவற்றை ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைக்கச்சை என்பார்கள். அந்த வேடனின் தலை இருக்கும் இடத்திலுள்ள மங்கலான சிறு கூட்டமே நம்முடைய மிருகசீரிஷம். அவன் தோளில் செக்கச் சிவந்திருப்பது திருவாதிரை. இடைக்கச்சையிலிருந்து ஒரு வாள் தொங்குகிறது. அந்த வாளின் நடுவில், கண்ணாடியில் மூச்சுவிட்டால் படியும் ஆவியைப்போல, ஒரு மங்கல் தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா.

கண்ணுக்கு மங்கலாகத் தோன்றும் இந்த வஸ்து சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. பல்லவர்கள் மாமல்லபுரத்துப் பாறைகளைக் குடைந்துகொண்டிருந்த நூற்றாண்டில் அங்கிருந்து புறப்பட்ட ஒளிதான் இன்று நம் மாடிக்கு வந்து சேருகிறது. அதன் அகலம் 20 ஒளியாண்டுக்குமேல். உள்ளே ஹைட்ரஜன் வாயுவும் தூசியும் திரண்டு புதிய நக்ஷத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. நடுவிலே நான்கு இளம் நக்ஷத்திரங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் மிகவும் பிரகாசமானது வீசும் புற ஊதா ஒளி, சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலெக்டிரான்களைப் பிய்த்து எறிகிறது. பிரிந்தவை மறுபடி கூடும்போது சிவப்பு ஒளி பிறக்கிறது. ஆக, இது பிற வெளிச்சத்தில் மின்னும் மேகமன்று. தானே ஒளிரும் மேகம்.

இதைக் கண்டவர்களின் கதையிலேதான் நம்முடைய விடையின் முதல் பாதி இருக்கிறது. கலிலியோ இந்த வாளையும் கச்சையையும் சுற்றியுள்ள நக்ஷத்திரங்களைத் தொலைநோக்கியால் பார்த்து, 1610-ஆம் வருஷம் படம் வரைந்து வெளியிட்டார். நெபுலாவைப்பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதே வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துப் பெரெஸ்க் என்பவர் அதைக் கண்டார். டச்சுக்காரரான ஹைகன்ஸ் 1656-ல் கண்டு, பிறகு சித்திரமும் வெளியிட்டார். மெஸ்ஸியே என்பவர் 1769-ல் தம் பட்டியலில் அதற்கு 42-ஆம் எண்ணைக் கொடுத்தார். பின்னர் வந்த பெரிய பெரிய வான நூலார் எல்லாரும் இரவெல்லாம் கண்ணைச் சுளித்துக்கொண்டு பார்த்து, பென்சிலால் வரைந்தார்கள். சிரமம் என்னவென்றால், ஒருவர் வரைந்த படம் மற்றொருவர் வரைந்ததைப்போல் இல்லை. நெபுலாதான் மாறுகிறதா, அல்லது பார்ப்பவர் கண்ணும் கையும்தான் மாறுகின்றனவா என்று தீர்மானிக்க முடியாமல் வெகு காலம் விவாதம் நடந்தது.

அந்த விவாதத்திலிருந்து விடுபட வழி காட்டியது எந்த சர்க்கார் வானிலையமும் அல்ல. ஒரு வைத்தியரின் வீட்டுத் தோட்டம்! நியூயார்க்குக்கு அருகே ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில், ஹென்றி டிரேப்பர் என்ற வைத்தியப் பேராசிரியர் தம் குடும்பத்து நிலத்தில் சொந்தமாக ஒரு வானிலையம் அமைத்திருந்தார். 1880-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி இரவு, 11 அங்குலத் தொலைநோக்கியில் உலர் தகட்டை வைத்து, 51 நிமிஷம் ஒளியை விழச் செய்து, ஓரியன் நெபுலாவைப் போட்டோ எடுத்தார். உலகத்தில் ஒரு நெபுலாவை எடுத்த முதல் போட்டோ அதுவே. அவருக்குக் கூட இருந்து உதவியவர் அவருடைய மனைவி அன்னா. டிரேப்பர் 1882-ல் 45 வயதில் காலமானார். அந்த அம்மையார் கணவர் பெயரால் ஹார்வர்டு வானிலையத்துக்குத் திரவிய உதவி செய்தார். 1918 முதல் 1924 வரை வெளியான ஹென்றி டிரேப்பர் அட்டவணை என்னும் மகத்தான நக்ஷத்திர ஜாபிதா அதிலிருந்து பிறந்ததுதான்.

1883-ல் லண்டனுக்கு அருகே ஈலிங் என்னுமிடத்தில் காமன் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து 36 அங்குல ஆடியால் அதே நெபுலாவை எடுத்தார். அவர் பிழைப்புக்குச் செய்த வேலை சுகாதார எஞ்சினீயர் உத்தியோகம். அவருடைய படத்தில், தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாத நக்ஷத்திரங்கள் பதிந்திருந்தன. கண்ணால் காண முடியாததைத் தகடு காணும் என்பது அன்றைக்கு நிரூபணமாயிற்று. மறு வருஷம் ராயல் வான நூற் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. ஆகவே, பகலில் ஒரு தொழில் பார்த்துக்கொண்டு இரவில் வீட்டிலிருந்து நெபுலாவை எடுப்பது என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த பைத்தியம் அல்ல. அந்தக் கலையே அங்கேதான் பிறந்தது!

நிற்க. நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு ஓரியன் விஷயத்தில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. காமன் பார்த்த ஈலிங்கில் இந்த நெபுலா அடிவானத்திலிருந்து 33 டிகிரிக்குமேல் ஏறுவதில்லை. நமது ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருப்பதால், இங்கே அது 73 டிகிரிக்குமேல் உயர்ந்து ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடுகிறது. காற்றின் கனமும் புழுதியும் அவ்வளவுக்கு அவ்வளவு குறைவு. இது லாபம். நஷ்டம், துருவ நக்ஷத்திரத்தைப்பற்றியது. பூமி சுழலுவதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம்முடைய காமிராவில், தொலைநோக்கி அசையாமல் நின்றால் ஒரே விநாடியில் ஒரு நக்ஷத்திரம் பதின்மூன்று, பதினாலு ஒளிப்புள்ளிகளைத் தாண்டிக் கோடாகிவிடும். ஆகையால் தொலைநோக்கியைத் தாங்கும் பீடம் பூமியின் அச்சுக்கு இணையான அச்சில், கடிகாரம்போல் எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். அந்த அச்சைத் துருவ நக்ஷத்திரத்தின் பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். அதுவோ நம் ஊரில் அடிவானத்துக்குமேல் 11 டிகிரி உயரத்தில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது!

இதற்கும் ஒரு யுக்தி உண்டு. உச்சிக் கோட்டுக்கு அருகில் ஒரு நக்ஷத்திரத்தைக் காமிராவின் நடுவில் நிறுத்திச் சில நிமிஷம் கவனிக்க வேண்டும். அது வடக்கே நழுவினால் பீடத்தை ஒரு பக்கம், தெற்கே நழுவினால் மறு பக்கம் மயிரிழை திருப்ப வேண்டும். நழுவாமல் நிற்கும் வரையில் இதையே செய்ய வேண்டும். பிறகு கிழக்கே ஒரு நக்ஷத்திரத்தைப் பிடித்து, பீடத்தின் உயரத்தையும் அவ்வாறே சரிப்படுத்த வேண்டும். துருவத்தைக் காணாமலே துருவத்தைக் கண்டுபிடிக்கும் இந்த வித்தை முடிய ஒரு மணி நேரம் பிடிக்கும். மாடித் தளத்தில் பீடத்தின் மூன்று கால்களும் ஊன்றிய இடங்களில் நம் மனையாள் கோலமாவால் மூன்று வட்டங்கள் போட்டுக் கொடுத்த பிறகு, அந்த ஒரு மணி இருபது நிமிஷமாயிற்று. வடாம் பிழியும் மாடியைப் பறித்துக்கொண்டதற்குப் பதிலாக, அன்னா டிரேப்பரின் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தோம். "அந்த அம்மாளுக்கு வடாம் இடுகிற வேலை இருந்திருக்காது" என்றாள். ஆனாலும் வட்டம் போட்டாள்.

நாள் பார்ப்பதிலும் சாஸ்திரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழித் திருவாதிரை அன்று ஓரியனைப் பிடிக்கலாம் என்று யாரேனும் நினைத்தால் ஏமாந்து போவார்கள். அந்தத் திருநாள் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டி வருவது. அன்று சந்திரன் திருவாதிரைக்குப் பக்கத்திலேயே வந்து நின்று நெபுலாவை நிலவில் கரைத்துவிடும். தெய்வத்துக்கு உகந்த இரவு போட்டோவுக்கு ஆகாது. தை அமாவாசையைச் சுற்றியுள்ள நாட்களே உத்தமம். நெபுலா அப்போது இரவு ஒன்பது, பத்து மணிக்கு உச்சிக்கு வரும்.

இனிப் படம் எடுக்கும் முறை. டிரேப்பரைப்போல் 51 நிமிஷம் ஒரே மூச்சில் எடுப்பது இப்போது தேவையில்லை. ஒரு நிமிஷப் படங்களாக 64 எடுக்கிறோம். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் நெபுலா கொஞ்சமும், குருணை தூவினாற்போன்ற இரைச்சல் நிறையவும் இருக்கும். 64-ஐயும் நக்ஷத்திரத்தின்மேல் நக்ஷத்திரம் பொருந்துமாறு கம்ப்யூட்டரில் அடுக்கிச் சராசரி எடுத்தால், நெபுலா எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதால் அப்படியே நிற்கும். இரைச்சல் படத்துக்குப் படம் மாறுவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். எட்டெட்டு அறுபத்துநாலு, வர்க்கமூலம் எதற்கு உபயோகம் என்று வகுப்பில் கேட்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைத்ததில்லை.

நெபுலாவின் நடுப்பகுதி மிகவும் பிரகாசம். ஒரு நிமிஷப் படத்தில் அந்த நான்கு நக்ஷத்திரங்களும் ஒரே வெள்ளைப் பொட்டாக எரிந்துவிடும். அதற்காக ஐந்து விநாடிப் படங்கள் நாற்பது தனியாக எடுத்து, நடுவை அவற்றிலிருந்து சேர்க்கிறோம். கடைசியாக, தொலைநோக்கியின் வாயை மூடிவிட்டு, அதே உஷ்ணத்தில், அதே நேர அளவில் சில இருட்டுப் படங்களும் எடுக்கிறோம். ஒளியே விழாவிட்டாலும் காமிராவின் சில்லு தன் சூட்டினாலேயே சில பொய்ப் புள்ளிகளை உண்டாக்குகிறது. உஷ்ணம் ஆறேழு டிகிரி ஏறினால் இந்தத் தொல்லை இரட்டிக்கும். இருட்டுப் படத்தைக் கழித்தால் அந்தப் பொய்கள் பெரும்பாலும் போய்விடும்.

இவ்வளவும் ஆன பின் கிடைத்த படத்தை வகுப்பிலே காட்டினோம். சிறகு விரித்த பறவைபோல் ரோஜா நிறத்தில் நெபுலா நின்றது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "ஸார், போன வாரம் தொலைநோக்கியில் பார்த்தபோது சாம்பல் நிறமாகத்தானே இருந்தது? இந்த நிறம் நிஜந்தானா, நீங்கள் போட்டதா?" என்று கேட்டாள்.

நாம் மெய்யாகவே சந்தோஷப்பட்டோம். டிரேப்பர் காலத்துக்கு முந்தைய அந்தப் பழைய விவாதமல்லவா வகுப்புக்குள் வந்து நிற்கிறது! தகடு வந்து கையை ஒதுக்கிற்று; இன்று கம்ப்யூட்டர் வழியாகக் கை மறுபடி உள்ளே நுழைந்துவிட்டது. அந்தக் கை எங்கே நிற்க வேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

நிறம் நிஜமே. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் சக்தி அநேகமாக இல்லை. சிவப்பு சுத்தமாகத் தெரியாது. அதனால்தான் சாம்பல். காமிராவுக்கு அந்தக் குறை கிடையாது. சொல்லப்போனால், சாதாரணக் காமிராக்களில் சில்லுக்கு முன்னால் உள்ள வடிகட்டி ஹைட்ரஜனின் சிவப்பில் பெரும் பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆகையால் நம் படத்தில் இருப்பது மெய்யைவிடக் குறைந்த சிவப்பே தவிரக் கூடுதலன்று. மங்கலானதைப் பிரகாசமாக்கியது நாம்தான். ஆனால் படம் முழுவதற்கும் ஒரே விதியைக் கொண்டு செய்தோம். இந்த மூலை அழகாக இல்லையே என்று அங்கே மட்டும் தூரிகை வைக்கவில்லை. சேர்ப்பது, கழிப்பது, பெருக்குவது எல்லாம் கணக்கில் அடங்கும். இல்லாததை வரைவது எந்தக் கணக்கிலும் அடங்காது.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சந்திரனை நோக்கி நீட்டினால், தான் முன்பே கற்றுவைத்திருக்கும் சந்திரனின் விவரங்களைத் தானாகவே படத்தில் ஏற்றி மெருகிடும் கைப்பேசிகள் வந்துவிட்டன. "ஓரியன் நெபுலா" என்று எழுதிக் கொடுத்தால், வானத்தையே பாராத யந்திரம் ஒரு நெபுலாவை ஒரு நிமிஷத்துக்குள் வரைந்து தருகிறது. அது நம் படத்தைவிட அழகாகவே இருக்கிறது. ஆனால் அதில் உள்ள நக்ஷத்திரங்கள் வானத்தில் இல்லை. நம் பிள்ளைகள் வளர்ந்து வாழப் போகும் உலகத்தில் கண்ட படமும் கற்பித்த படமும் பக்கத்துக்குப் பக்கம் நிற்கும். எது எது என்று பிரித்தறிய அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

அந்தப் பெண்ணுக்கு நாம் வாயால் மட்டும் பதில் சொல்லவில்லை. எதையும் கழிக்காத, எதையும் சேர்க்காத மூலப் படங்கள் பத்தையும், இருட்டுப் படங்கள் இரண்டையும், அந்தப் பகுதியின் நக்ஷத்திர அட்டவணையையும் கொடுத்து, "படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் வானத்தில் இருக்கிறதா என்று நீயே சரிபார்" என்றோம். அவளும் தோழிகள் இருவரும் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் ஒரு காகிதத்துடன் வந்தார்கள். அதில் பல புள்ளிகளுக்கு எதிரே 'உண்டு' என்று எழுதியிருந்தது. நெபுலாவின் ஓரத்தில் இருந்த ஓர் அழகான சிவப்புப் புள்ளிக்கு எதிரே மாத்திரம் 'இல்லை' என்று எழுதி, அடிக்கோடிட்டிருந்தார்கள்.

"ஸார், இது நக்ஷத்திரம் இல்லை. மற்றதெல்லாம் படத்துக்குப் படம் கொஞ்சம் நகருகிறது. இது மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. வாயை மூடிவிட்டு எடுத்த படத்திலும் இருக்கிறது" என்றாள் அந்தப் பெண்.

சில்லின் சூட்டுப் புள்ளிதான் அது. இருட்டுப் படத்தின் உபயோகத்தை நாம் ஒரு மணி நேரம் விவரித்திருந்தாலும் இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது. பிறகு அவர்கள் கேட்டது இன்னும் விசேஷம்: "ஹப்பிள் படத்திலும் இப்படிக் கழித்திருப்பார்களா, ஸார்?" கழித்திருக்கிறார்கள், மூலப் படங்களையும் எவரும் பார்க்கலாம்படி வைத்திருக்கிறார்கள் என்றோம்.

இரண்டாவது கட்சியாருக்கு நம்முடைய பதில் இதுதான். ஹப்பிளின் படத்தோடு போட்டி போடுவதற்காக நாம் மாடி ஏறவில்லை. அந்தப் படத்தை நம்புகிறோம். ஆனால் எதனால் அதை நம்பலாம் என்பதை நம் மட்டமான படம்தான் கற்றுக் கொடுத்தது. ஆகாயத்திலிருந்து காகிதம் வரையில் ஒளி வந்த வழியில் ஒவ்வொரு படியையும் கையால் தொட்டுப் பார்த்தவனுக்கு, பிறர் காட்டும் படத்தில் எந்தப் படி குறைகிறது என்று கேட்கத் தெரியும்.

தொலைநோக்கி இல்லாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. வருகிற தை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் மாடி விளக்கை அணைத்துவிட்டு, பத்து நிமிஷம் கண்ணைப் பழக்கிக்கொண்டு, குழந்தைகளோடு அந்த வாளைப் பாருங்கள். சாம்பல் நிறமாக ஒரு மங்கல் தெரியும். "இது என்ன நிறம்?" என்று குழந்தை கேட்டால், விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்.